குறியும் பொருளும்

விருதுநகர் மாவட்டத்திலுள்ள சிவகாசி மழைவளம் குன்றிய ஊர். வானம் பார்த்த பூமியை நம்பி வாழ்தல் அரிது என்பதை அவ்வூர் மக்கள் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்தனர். 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றனர். மறு ஆண்டில் தம் ஊரிலே அத்தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. இரண்டின் மேலும் ஒட்டுவதற்கு வண்ணத்தாள் வேண்டியிருந்தமையால் அச்சுத்தொழிலும் அங்கே வேரூன்றியது. இன்று இந்தியாவில் வெடிக்கப்படும் பட்டாசுகளில் பெரும்பகுதி சிவகாசியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் செய்யப்படுகின்றது. நாட்காட்டியும் நாட்குறிப்பும் அவ்வூரிலிருந்து நாடெங்கும் செல்கின்றன.

தீப்பெட்டியின் மேல் ஒட்டப்பெற்ற சிறு தாளுக்கு அந்நாளில் இருந்த மதிப்பு பெரிது. வாங்குவோருள் பலர் எழுத்தறியாதவர். செய்தவர் பெயரைப் படித்தறிய அவர்களால் இயலாது. ஆயினும் சேவலையும் அணிலையும் மயிலையும் அறியாதார் எவருமிலர். "சேவல் படம் போட்டது கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினால், சென்ற முறை வாங்கிய அதே பொருள் இம்முறையும் கிடைக்கும் என்னும் உறுதி அவர்களுக்கு இருந்தது. படம் வெறும் அழகிற்காக அமைந்தது அன்று. அது வணிகர் தந்த வாக்கு.

வாக்கிற்கு மதிப்பு ஏற ஏற அதனைத் திருடுவாரும் தோன்றுவர். ஒரு குறி நன்கு விற்றால், அதன் நிறத்தையும் அமைப்பையும் பின்பற்றி, ஓர் எழுத்தை மாற்றியோ விலங்கின் தலையைச் சற்றே திருப்பியோ வேறொரு தாள் கடைக்கு வந்துவிடும். எல்லாத் தொழிலிலும் காணப்பட்ட இத்தீமையைத் தடுக்கவே 1889-ஆம் ஆண்டில் வணிகச் சரக்குக் குறிகள் பற்றிய சட்டமும், 1940-ஆம் ஆண்டில் வணிகச் சின்னங்கள் சட்டமும் இயற்றப்பட்டன. இப்பொழுது நடைமுறையிலுள்ளது 1999-ஆம் ஆண்டுச் சட்டம். எனினும் பழைய போலிக்காரனுக்கு ஒரு தொல்லை இருந்தது. அவன் தாள் அச்சிட வேண்டும். பெட்டி செய்ய வேண்டும். அதனுள் எரியும் குச்சி சிலவற்றையேனும் வைக்க வேண்டும். மட்டமான பொருளாயினும் ஒரு பொருள் வாங்கியவன் கைக்கு வந்தது. இக்காலப் போலிக்காரனுக்கு அத்தொல்லையும் இல்லை.

தீபாவளி நெருங்கும் நாட்களில் கைபேசித் திரையில் தோன்றும் விளம்பரங்களைக் காணலாம். கண்ணைப் பறிக்கும் படங்கள். பாதி விலைக்கும் குறைந்த விலை. 'சிவகாசியிலிருந்து நேரடி விற்பனை' என்னும் கொட்டை எழுத்து. பணம் செலுத்தினால் ஒரு பற்றுச்சீட்டும் வரும். பட்டாசு மட்டும் வாராது. சில நாளில் அந்தத் தளமே மறைந்துவிடும். அழைப்பு எண்ணும் ஓய்ந்துவிடும். 2024-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முன்னர்த் தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப் பிரிவு இதுபற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. இணைய வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆணை பெறலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் ஆணையிட்டுள்ளது. அஞ்சல் நிலையம் பட்டாசுப் பொட்டலத்தை ஏற்பதில்லை. பயணிகள் இரயிலில் அதனை எடுத்துச் செல்லுதலும் குற்றம். இவ்வளவையும் அறிந்தவர்க்கு, 'வீட்டு வாயிலில் கொண்டுவந்து தருவோம்' என்னும் ஒரு தொடரே ஐயத்தைத் தோற்றுவிக்கப் போதுமானது.

இதில் பணத்தை இழந்தவர் மட்டும் இழந்தவர் அல்லர். வெயிலில் மருந்து உலர்த்தியும் திரி முறுக்கியும் தாள் சுற்றியும் ஆயிரக்கணக்கானோர் நூற்றாண்டுக் காலமாக ஈட்டிய நற்பெயரை, அவ்வூரை ஒரு முறையும் காணாத ஒருவன் இரவல் வாங்கிக் கொள்கிறான். ஏமாந்தவர் அவனை ஏசுவதில்லை. அவன் யாரென்று அவர்க்குத் தெரியாது. "சிவகாசிக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்றே கூறுவர்.

பட்டாசில் கையாளப்பெறும் இதே சூழ்ச்சி, அயல்நாட்டுப் பயணத்தில் இன்னும் கொடிய உருவெடுக்கின்றது. முன்னாளில் கடல் கடந்து சென்றவர் பெரும்பாலும் பிழைப்பின் பொருட்டே சென்றனர். இன்றோ கொழும்பையும் சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும் பாங்காக்கையும் கண்டுவரக் குடும்பத்தோடு புறப்படுவோர் சிறு நகரங்களிலும் உளர். சிவகாசி அச்சகம் ஒன்றில் பணிபுரியும் ஒரு தொழிலாளியை எண்ணிப் பார்க்கலாம். நாட்காட்டி வேலை மிகும் மாதங்களில் இரவும் பகலும் உழைத்துச் சேர்த்த பணத்தில், மே மாத விடுமுறையில் மனைவியையும் இரு மக்களையும் மதுரையிலிருந்து கொழும்புக்கு அழைத்துச் செல்ல அவர் விரும்புகிறார். பட்டாசில் ஏமாந்தவர் சில ஆயிரம் ரூபாயை இழப்பார்; தீபாவளிக்குள் உண்மையும் வெளிப்பட்டுவிடும். இக்குடும்பம் ஏமாற்றப்பட்டால், அது வெளிப்படும் இடம் விமான நிலையம். புத்தாடை உடுத்திய குழந்தைகளோடும் பெட்டிகளோடும் நிற்கும்பொழுது, "உங்கள் பெயரில் பயணச்சீட்டு இல்லை" என்று கூறப்படும். அப்பொழுது செய்யத்தக்கது ஒன்றும் இராது.

இத்தகைய ஏமாற்று எவ்வாறு இத்தனை நாள் மறைந்திருக்கிறது என்று வியப்புத் தோன்றலாம். அதன் விடை பயணச்சீட்டின் அமைப்பிலேயே உள்ளது. விமானத்தில் இடம் ஒதுக்குவது ஒரு செயல். பயணச்சீட்டு வழங்குவது மற்றொரு செயல். இடம் ஒதுக்கியவுடன் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் கொண்ட அடையாளம் ஒன்று கிடைக்கும். அதனைப் 'பி.என்.ஆர்.' என்பர். பணம் முழுவதும் செலுத்தப்பட்டுச் சீட்டு வழங்கப்பட்ட பின்னரே பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட பயணச்சீட்டு எண் தோன்றும். முன்னது கிடைத்துப் பின்னது கிடையாத நிலை உண்டு. குறித்த காலத்திற்குள் சீட்டு வழங்கப்படாவிடின் விமான நிறுவனம் அந்த இடத்தைத் தானே நீக்கிவிடும். வஞ்சகன் இவ்விடைவெளியில்தான் குடியிருக்கிறான். இடத்தை ஒதுக்கி, உண்மையான ஆறு குறிகளைத் தருகிறான். ஐயுற்றவர் விமான நிறுவனத்தின் தளத்தில் அவற்றை இட்டுப் பார்த்தால் அவர் பெயரே தோன்றும். மனம் நிறைந்து பணத்தை அனுப்புவார். இரண்டொரு நாளில் அந்த இடம் நீங்கிப்போகும்; மறுமுறை எவரும் பார்ப்பதில்லை.

ஆதலின் கேட்க வேண்டியது பயணச்சீட்டு எண்ணையே ஆகும். பெரிய விமான நிறுவனங்கள் பலவற்றின் சீட்டு எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் அந்நிறுவனத்தையே குறிக்கும். ஏர் இந்தியாவிற்கு 098. ஸ்ரீலங்கன் நிறுவனத்திற்கு 603. சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. மலிவுக் கட்டண நிறுவனங்கள் சில இம்முறையைப் பின்பற்றாமல் ஆறு குறிகளோடு நின்றுவிடும். அங்கே பணம் செலுத்தப்பட்டதா, இடம் உறுதியாயிற்றா என்பதை அந்நிறுவனத்தின் தளத்திலேயே பார்த்தல் வேண்டும். ஒருமுறை பார்த்ததோடு அமைதலும் ஆகாது. முறையாகச் சீட்டு வாங்கித் தந்தபின் அதனை நீக்கித் திரும்பிவரும் பணத்தைத் தானே வைத்துக்கொள்வோனும் உண்டு. பயணத்திற்குச் சில நாள் முன்னர் மறுபடியும் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

இனித் தளத்தையே அறிவது எவ்வாறு? தோற்றத்தைக் கொண்டு அறிய முடியாது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். வண்ணமும் சின்னமும் வாசகமும் நொடியில் படியெடுக்கத் தக்கவை. எழுத்துப் பிழைகள் இருந்தால் போலி என்று முன்னர்க் கூறுவர். இயந்திரமே பிழையின்றி எழுதித்தரும் இந்நாளில் அந்த அடையாளமும் தேய்ந்துவிட்டது. படியெடுக்க இயலாதது ஒன்றே உண்டு. அது தளத்தின் முகவரி. ஒரு முகவரி இவ்வுலகில் ஒருவர்க்கே உரியதாக இருக்கும்.

முகவரியைப் படிக்கும் முறையை அஞ்சலுறையைக் கொண்டு விளக்கலாம். உறையின்மேல் 'சிவகாசி அச்சகம்' என்று முதல் வரியில் எழுதி, இறுதி வரியில் 'சென்னை' என்று எழுதினால் கடிதம் சென்னைக்கே செல்லும். முதல் வரியிலுள்ள சிவகாசி வெறும் பெயர். இறுதி வரியே ஊர். இணைய முகவரியும் அத்தகையதே. 'அன்னம்' என்று ஒரு விமான நிறுவனம் இருப்பதாகவும், அதன் முகவரி 'அன்னம்.காம்' என்பதாகவும் கொள்ளலாம். 'அன்னம்.காம்.சலுகை.ஷாப்' என்று ஒரு முகவரி வந்தால், அவசரத்தில் படிப்பவர் கண் முதற்பகுதியிலேயே நின்றுவிடும். ஆனால் அது அன்னத்திற்கு உரியதன்று, 'சலுகை.ஷாப்' என்னும் இடத்தை வாங்கிய எவனோ ஒருவனுக்கு உரியது. முதற் சாய்கோட்டிற்கு முன்னுள்ள பகுதியை இறுதியிலிருந்து பின்னோக்கிப் படித்தால் உண்மை புலப்படும். 'அன்னம்-டிக்கெட்.காம்' என்பதும் வேறோர் ஆளுடையதே. இதனினும் நுண்ணிய சூழ்ச்சி எழுத்தை மாற்றுவது. ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' என்னும் சிற்றெழுத்துகள் இரண்டும் நெருங்கி நின்றால் 'எம்' போலத் தோன்றும்; 'எல்' என்னும் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் 1 என்னும் எண் நின்றாலும் கண் அறியாது. தீப்பெட்டித் தாளில் ஓர் எழுத்தை மாற்றியவனின் வழித்தோன்றலே இவன். எனவே விமான நிறுவனத்தின் முகவரியை விளம்பரத்திலிருந்தோ வந்த செய்தியிலிருந்தோ எடுக்காமல், தாமே எழுத்தெழுத்தாக இடுவது நன்று. தேடுபொறியில் முதலில் வருவது முதன்மையானது என்று பலர் கருதுகின்றனர். முதலில் நிற்கும் சில, பணம் கொடுத்து அந்த இடத்தைப் பிடித்த விளம்பரங்களாகவே இருக்கும்.

முகவரிக்கு அருகே ஒரு பூட்டின் படம் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்று கற்பிக்கப்பட்ட காலமும் இருந்தது. அப்பாடம் பாதியே உண்மை. பயனருக்கும் தளத்திற்கும் இடையே செல்லும் செய்தியைப் பிறர் படிக்க இயலாது என்பதையே அப்பூட்டு அறிவித்தது. தளத்தை நடத்துபவன் நல்லவன் என்று அது கூறவில்லை. திருடனோடு தனியறையில் பேசினாலும் அது மறைவான பேச்சுத்தானே! மக்கள் அப்பூட்டைத் தவறாகப் புரிந்துகொள்வதால், கூகுள் நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் தன் குரோம் உலாவியிலிருந்து அந்தப் படத்தையே நீக்கிவிட்டது.

எல்லா முகவரிகளையும் எவரும் விலை கொடுத்து வாங்கிவிட முடியாது என்பது ஓர் ஆறுதல். 'ஜிஓவி.இன்' என்று முடியும் முகவரி அரசு அலுவலகங்களுக்கே வழங்கப்படுகின்றது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் அரசுத் தளமும் அவ்வாறே முடிகின்றது. அதனைப் போன்ற தோற்றத்தோடு கூடுதல் பணம் பறிக்கும் போலித் தளங்கள் பற்றி வெளியுறவு அமைச்சகம் எச்சரித்துள்ளது. வங்கிகளுக்கும் 'பேங்க்.இன்' என்னும் தனி முடிவு வகுக்கப்பட்டுள்ளது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 31-க்குள் வங்கிகள் அனைத்தும் அதற்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது.

முழுப் போலி அல்லாத ஒரு வகையும் உண்டு. சிங்கப்பூருக்குள் நுழைவோர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். தாய்லாந்தும் 2025-ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து இம்முறையைக் கொண்டுவந்தது. இரண்டிற்கும் கட்டணம் இல்லை. ஆயினும் அரசுத் தளம் போலவே அமைந்த தனியார் தளங்கள், இலவச அட்டையை நிரப்பித் தருவதற்குக் கட்டணம் கேட்கின்றன. அட்டையை உண்மையாகவே நிரப்பித் தரும் தளமும் அவற்றுள் இருக்கலாம். அதனால் அதனைத் திருட்டு என்று சொல்லவும் தயக்கம் நேர்கின்றது. ஆனால் பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த நாளும் பயண நாளும் முன்பின் அறியாதவன் கையில் சேர்கின்றன என்பதை மறத்தல் ஆகாது. பணத்தினும் பெரிய இழப்பு அது.

"பேராசைப்பட்டவர்களே ஏமாறுகிறார்கள்" என்று ஒதுக்கிவிடுவோர் உளர். இக்கூற்று முற்றும் சரியன்று. 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் உள்துறை அமைச்சகத்தைச் சேர்ந்த இணையவழிக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டர் முன்பதிவு, அடியார்கள் தங்கும் விடுதி, சுற்றுலாத் திட்டம் ஆகியவற்றின் பெயரால் நடக்கும் ஏமாற்றுகளை அது எடுத்துக் காட்டியது. கேதார்நாத்தை வழிபடச் செல்லும் முதியவரைப் பேராசைக்காரர் என்று யார் கூறுவர்? குறைந்த பணத்தில் பெரிய விருப்பத்தை நிறைவேற்ற முயல்வோர், விலையை ஒன்றுக்குப் பத்து முறை ஒப்பிட்டுப் பார்ப்பர். அது சிக்கனம், குற்றமன்று. அச்சிக்கனத்தையே வஞ்சகன் தூண்டிலாக்குகிறான்.

ஆனால் விலையைக் கண்டு மகிழ்வது வேறு. அவ்விலை எவ்வாறு கட்டுப்படியாகும் என்று கேட்பது வேறு. இரண்டாவது பழக்கம் விருதுநகர் மக்களுக்குப் புதிதன்று. வத்தலும் பருப்பும் எண்ணெயும் விற்கும் அச்சந்தையில், அன்றைய நிலவரத்தினும் மிகக் குறைந்த விலைக்கு ஒருவர் சரக்கைத் தர முன்வந்தால், வணிகர் உடனே வாங்கிவிடுவதில்லை; சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பார். அதே நாளில், அதே விமானத்தில், அந்நிறுவனமே கேட்கும் கட்டணத்தில் பாதிக்கு ஒருவன் இடம் தருவதாகக் கூறினால், மீதிப் பாதியை அவன் எங்கிருந்து கொடுப்பான்? முகவர்க்குக் கிடைக்கும் கழிவு அவ்வளவு பெரியதன்று.

ஊரிலுள்ள பயண முகவரிடமே நேரிற் சென்று வாங்கிவிடலாம் என்பார் கூற்றில் வலிமை உண்டு. நாற்காலியும் பெயர்ப்பலகையும் உள்ள கடையை ஓரிரவில் சுருட்டிக்கொண்டு ஓடுவது எளிதன்று; கேள்வி கேட்க ஒரு வாயிற்படி இருக்கின்றது. சிறிது கூடுதலாகக் கொடுத்தாலும் தவறில்லை. எனினும் கடை இருப்பதாலேயே ஐயம் முழுதும் நீங்கிவிடாது; சீட்டு எண்ணைக் கேட்க வேண்டிய கடமை அங்கேயும் உண்டு. பணம் செலுத்தும்பொழுது பெறுவோர் பெயர் திரையில் தோன்றும். நிறுவனத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் தனியாள் ஒருவர் பெயர் வந்தால் விரலை எடுத்துவிடுவதே தக்கது. "தவறுதலாகப் பிடித்த பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், உங்கள் இரகசிய எண்ணை இடுங்கள்" என்று எவரேனும் கூறினால் அது பொய். யு.பி.ஐ. முறையில் பணம் கொடுப்பதற்கே இரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை.

இத்தனை விழிப்போடு இருந்தும் ஒருவர் ஏமாறலாம். அப்பொழுது வீட்டில் நிகழ்வதே பல நேரங்களில் திருட்டினும் பெருந்தீங்கு விளைவிக்கின்றது. "படித்திருந்தும் இப்படியா?" என்று ஏசுவர் என்றஞ்சி, ஏமாந்தவர் வாய் திறப்பதில்லை. இரண்டு நாள் கழித்து மெல்லச் சொல்லுவார். அதற்குள் அப்பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்கும், அங்கிருந்து வேறொன்றிற்கும் பாய்ந்து, இறுதியில் ரொக்கமாக எடுக்கப்பட்டுவிடும். இழந்தவுடனே 1930 என்னும் எண்ணை அழைத்துக் கூறினால், பணம் எந்தக் கணக்கில் நிற்கின்றதோ அங்கே அதனை முடக்கிவைக்க வழியுண்டு. முழுவதும் மீளும் என்று உறுதி கூற இயலாது. ஆயினும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் அளவைக் குறைக்கின்றது. ஏமாந்தவரை நகைக்கும் வீடு, வஞ்சகனுக்கு அந்த மணி நேரங்களைத் தானமாக அளிக்கின்றது.

மேலே கூறிய அச்சகத் தொழிலாளிக்கு ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள் ஒருத்தி இருப்பதாகக் கொள்ளலாம். தந்தை காட்டிய சலுகை விளம்பரத்தின் முகவரியை அவள் கடைசிச் சொல்லிலிருந்து படிக்கிறாள். "அப்பா, இது விமானக் கம்பெனியின் இடமே இல்லை" என்கிறாள். நாளெல்லாம் அச்சுத்தாளில் நூலிழையளவு நிறம் விலகியதையும் கண்டுபிடிக்கும் அவர், திரையை வாங்கி மறுபடியும் பார்க்கிறார். நிறங்கள் சரியாகவே இருக்கின்றன. முகவரி மட்டும் வேறு. அன்று மாலை அவர்கள் விமான நிறுவனத்தின் முகவரியைத் தாமே இட்டுச் சீட்டு வாங்குகின்றனர். விலை சற்றுக் கூடுதல்தான். மின்னஞ்சலில் வந்த பதின்மூன்று இலக்கங்களை மகள் படிக்க, 603 என்று தொடங்கும் அவ்வெண்ணைத் தந்தை சுவரில் தொங்கும் நாட்காட்டியில் மே மாதத் தாளின் ஓரத்தில் எழுதிவைக்கிறார்.